கரையில் ஒதுங்கியதைக் கொண்டு நிறுவல் கலை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சென்னைக் கடற்கரையிலும் ஏரிக்கரைகளிலும் ஒதுங்கும் பொருள்களைக் கொண்டு பள்ளி, கல்லூரிப் பிள்ளைகளோடு சேர்ந்து நிறுவல்கள் (இன்ஸ்டலேஷன்) செய்து வருகிறேன். ஒவ்வொரு முறையும் அதே சந்தேகங்கள்தான் வருகின்றன. இன்று ஒருவருக்குப் போனில் சொன்னதை நாளை இன்னொருவருக்குச் சொல்கிறேன். அதனால், கேட்டவர்கள் கேட்ட வார்த்தையிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். மேலிருந்து கீழாகப் படியுங்கள். பின்னால் வரும் பதில்கள் முன்னால் சொன்னவற்றை நம்பி நிற்கின்றன.

இன்ஸ்டலேஷன்னா என்ன அக்கா? சிலை செய்யறதுக்கும் இதுக்கும் என்ன வித்தியாசம்?

சிலையை எங்கே தூக்கிக்கொண்டு போய் வைத்தாலும் அது சிலைதான். நிறுவலுக்கு இடமும் ஒரு பாதி. சோளக்கொல்லைப் பொம்மையை நினைத்துப் பாருங்கள். கிழிந்த சட்டை, உடைந்த பானை, வைக்கோல், இரண்டு கழி. கொல்லையில் நிற்கும்போது அது ஆள். வீட்டுக்குள் கொண்டுவந்தால் வெறும் கந்தல். வயல், காற்று, பறவை, தூரத்தில் இருந்து பார்க்கும் கண் எல்லாம் சேர்ந்துதான் அது. பழைய பொருளில் நிறுவல் என்பது நம் ஊருக்குப் புதிதல்ல என்று பிள்ளைகளுக்கு நான் முதலில் காட்டுவது அந்தப் பொம்மையைத்தான்.

பழைய பாட்டில்ல பென்சில் ஸ்டாண்டு செய்யறதும் இதுவும் ஒண்ணுதானே?

இல்லை. பென்சில் ஸ்டாண்டில் பாட்டில் தன் பழைய கதையை மறந்துவிட வேண்டும். அப்போதுதான் அழகாக இருக்கும். நிறுவலில் அது மறக்கவே கூடாது.

எல் அனட்சுய் என்ற கலைஞர் கானாவில் பிறந்து நைஜீரியாவின் ந்சுக்காவில் இருந்து வேலை செய்தவர். மதுப் பாட்டில்களின் அலுமினிய மூடிகளைத் தட்டி, செம்புக் கம்பியால் ஒன்றோடொன்று கோத்து, சுவர் முழுக்கத் தொங்கும் பட்டுத் துணிபோல் ஆக்குவார். 2015இல் வெனிஸ் பியனாலே என்ற உலகக் கலைக் கண்காட்சியில் வாழ்நாள் சாதனைக்கான தங்கச் சிங்க விருது பெற்றார். தூரத்தில் தங்கமாக மின்னும். கிட்டே போனால் மதுவின் பெயர்கள் தெரியும். ஐரோப்பிய வணிகர்கள் ஆப்பிரிக்காவுக்குக் கொண்டுவந்த சரக்குகளில் மதுவும் ஒன்று என்ற வரலாறு அந்த மூடிகளிலேயே இருக்கிறது. அவர் அதை மறைக்கவில்லை.

நம்ம நாட்டுல யாராவது செஞ்சிருக்காங்களா? எங்கே போய்ப் பார்க்கலாம்?

சண்டிகருக்குப் போக வாய்ப்புக் கிடைத்தால் ராக் கார்டனைத் தவறவிடாதீர்கள். நேக் சந்த் என்ற சாலை ஆய்வாளர் 1957 வாக்கில் யாருக்கும் தெரியாமல் காட்டுக்குள் கட்டத் தொடங்கியது. சண்டிகரை எழுப்புவதற்காகக் கிராமங்களை இடித்தார்களே, அந்த இடிபாடுகள், உடைந்த வளையல், பீங்கான் துண்டு, குளியலறைக் கழிப்பீங்கான் இவற்றால் ஆட்களும் விலங்குகளும் செய்து வரிசையாக நிறுத்தினார். 1976இல் பொதுமக்களுக்குத் திறந்தார்கள். புது நகரத்துக்குள்ளேயே பழைய கிராமங்கள் எழுந்து நிற்பதுபோல் இருக்கும்.

விவான் சுந்தரம் என்ற கலைஞர் டெல்லியில் குப்பை சேகரிப்பவர்களோடு சேர்ந்து, குப்பையையே ஒரு பெருநகரமாகத் தரையில் அடுக்கிப் படம் எடுத்தார். 2008இல் அவை காட்சிக்கு வந்தன. அதே டெல்லியில் 2019இல் திறந்த பூங்கா ஒன்றில் இரும்புக் கழிவால் தாஜ்மகால், ஈபிள் கோபுரம் என்று உலக அதிசயங்களின் நகல்கள் நிற்கின்றன. வெல்டிங் வேலை அபாரம். ஆனால் அந்த இரும்பு எங்கிருந்து வந்தது என்பது தாஜ்மகாலில் கரைந்துபோகிறது. எனக்கு நேக் சந்தின் வழிதான் வழி.

பொருளுக்கு எங்கே போறது? காசு கொடுத்து வாங்கலாமா?

காயலான் கடை, பஞ்சர் கடையில் கிழிந்த டியூப், தையல் கடையில் வெட்டுத்துணி, டீக்கடையில் பால் கவர், கல்யாண மண்டபத்தின் பின்பக்கம், கடற்கரை. பொருளுக்குப் பஞ்சமே இல்லை. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். தண்ணீர் பாட்டில், அட்டை, இரும்பு, அலுமினியம் எல்லாம் யாரோ ஒருவரின் அன்றைய சாப்பாடு. விடிகாலையில் சாக்கோடு வருகிறவருக்கு முன்னால் நாம் போய் அள்ளிவிட்டால் அவர் வயிற்றில் அடிக்கிறோம். பாட்டில் வேண்டுமென்றால் அவரிடமே கிலோ விலைக்கு, கடைக்காரர் கொடுப்பதைவிடக் கொஞ்சம் கூட்டிக் கொடுத்து வாங்குங்கள். நான் பெரும்பாலும் யாரும் வாங்காததைத்தான் எடுக்கிறேன்: சிப்ஸ் பாக்கெட், ஒற்றைச் செருப்பு, கிழிந்த வலை, பிளக்ஸ். அவற்றில்தான் சொல்லவும் நிறைய இருக்கிறது.

கடையில் புதிதாக வாங்கிச் செய்யவே கூடாது. ஒரு கல்லூரியில் போட்டிக்காகத் தண்ணீர் பாட்டில்களைப் பெட்டி பெட்டியாக வாங்கி, தண்ணீரைத் தோட்டத்தில் கொட்டிவிட்டுத் திமிங்கிலம் செய்தார்கள். பரிசும் வாங்கினார்கள். எனக்கு இன்னும் மனசு ஆறவில்லை.

எதையெல்லாம் தொடவே கூடாது?

டியூப்லைட், சி.எஃப்.எல். பல்பு (பாதரசம்). பழைய குண்டு டி.வி.யின் கண்ணாடி (ஈயம்). சிமென்ட் நிறக் கூரைத் தகடான ஆஸ்பெஸ்டாஸ். அறுத்தால் பறக்கும் தூசி நுரையீரலில் தங்கிவிடும். பேட்டரி, பூச்சிமருந்து டப்பா, ஊசி, மாத்திரை அட்டைகளோடு வரும் மருத்துவமனைக் கழிவு. செம்புக்காக ஒயரை எரிக்கவே வேண்டாம். ஒயரின் தோலும் பிளக்ஸும் பி.வி.சி., அந்தப் புகை விஷம்.

தெர்மாகோலைத் தொடலாம், ஆனால் திறந்த வெளியில் வைக்காதீர்கள். காற்றில் மணிமணியாக உதிர்ந்து, நாம் எடுத்ததைவிட மோசமான குப்பையாகத் திரும்பப் போகும்.

வலையை எப்படிக் கழுவறது? நாத்தம் போகவே மாட்டேங்குது.

அவசரப்பட்டுச் சோப்பில் முக்காதீர்கள். முதலில் இரண்டு நாள் நிழலில் விரித்துக் காயவிடுங்கள். நாற்றம் வலையில் இல்லை, வலையில் சிக்கியதில் இருக்கிறது. காய்ந்தபின் கையுறையோடு உட்கார்ந்து ஒவ்வொரு கண்ணாகப் பாருங்கள்: நண்டுக் கால், பாசி, கொட்டலசு (ஒட்டி வளரும் சின்ன ஓட்டுயிர்), மீன் செதில். காய்ந்திருந்தால் உதறினாலே பாதி உதிரும். பிறகு ஒரு டிரம் நல்ல தண்ணீரில் ஓர் இரவு ஊறவைத்து அலசிக் கொட்டுங்கள், இரண்டு முறை. கடைசியாகத்தான் சோப்பும் வெயிலும். அலசிய தண்ணீரைத் துணியில் வடிகட்டாமல் சாக்கடையில் விடாதீர்கள். வலையின் நார்த்துணுக்குகள் அதில் இருக்கும்.

இந்த வேலையைப் பிள்ளைகளுக்கு நான் விட்டுக்கொடுப்பதில்லை, அவர்களோடு உட்கார்ந்து செய்வேன். ஒருமுறை பச்சை நரம்பு வலை ஒன்றைப் பிரித்துக்கொண்டிருந்தோம். நடுவில் உள்ளங்கை அகலத்துக்கு நீல நூலால் தைத்திருந்தது. கண்ணுக்குக் கண் அளவு பிசகவில்லை, முடிச்சுகள் எல்லாம் ஒரே பக்கம் சாய்ந்திருந்தன. யாரோ இதை மடியில் போட்டுக்கொண்டு மணிக்கணக்காகத் தைத்திருக்கிறார்கள். அதன்பின் அந்த வலையைக் குப்பை என்று ஒரு பிள்ளைகூடச் சொல்லவில்லை. அந்த நீலத் தையல் வெளியே தெரிகிற மாதிரிதான் கடைசியில் வைத்தோம்.

எது என்ன பிளாஸ்டிக்குன்னு எப்படித் தெரிஞ்சுக்கறது? எண் அழிஞ்சு போயிருக்கே?

முக்கோணத்துக்குள் எண் இருந்தால் எளிது: 1 தண்ணீர் பாட்டில் வகை, 2 கெட்டியான கேன், 3 பி.வி.சி., 5 டப்பாக்களும் மூடிகளும், 6 தெர்மாகோல் குடும்பம். எண் இல்லாவிட்டால் ஒரு வாளித் தண்ணீர் போதும். ஒரு சொட்டுச் சோப்பு விட்டு (காற்றுக்குமிழி ஒட்டாமல் இருக்க), சின்னத் துண்டு வெட்டிப் போட்டு அமுக்கி விடுங்கள். பாட்டில் துண்டு மூழ்கும், அதன் மூடி மிதக்கும். நைலான் வலை மூழ்கும். பிளக்ஸ் மூழ்கும். 2, 5 இரண்டும் மிதக்கும்.

கடற்கரையில் மூடிகள் ஏன் இவ்வளவு ஒதுங்குகின்றன என்ற கேள்விக்கும் அந்த வாளியிலேயே பாதிப் பதில் கிடைத்துவிடும். இதை ஏன் பிரித்து வைக்க வேண்டும் என்பது கலைத்துப் போடுவதைப் பற்றிய கேள்வியில் வருகிறது.

ஹாட் கிளூ வச்சு ஒட்டினா போதுமா?

ஏ.சி. அறையில் போதும். சித்திரை வெயிலில் தகரத்தின் மேல் ஒட்டியது மத்தியானத்துக்குள் இளகி வழுக்கும். அதைவிடப் பெரிய காரணம், ஒட்டியதைப் பிரிக்க முடியாது. பசை பட்ட பாட்டிலைக் காயலான் கடைக்காரரும் ஒதுக்கிவிடுவார். ஆகவே கட்டுங்கள், தையுங்கள், கோத்துவிடுங்கள்.

கட்டுக்கம்பி மலிவு, ஆனால் கடல் காற்றில் சீக்கிரம் துருப்பிடித்து அறுந்துவிடும். ஜி.ஐ. கம்பி (துத்தநாகம் பூசியது) பரவாயில்லை. கேபிள் டை வாங்கினால் கறுப்பு வாங்குங்கள். வெள்ளை வெயிலில் சீக்கிரம் நொறுங்கும். எனக்குப் பிடித்தது, கிழிந்த வலையிலிருந்தே உருவிய நூலும் வலை ஊசியும்தான். மீனவக் குப்பத்தில் யாரைக் கேட்டாலும் அரை மணி நேரத்தில் முடிச்சைச் சொல்லித் தருவார்கள்.

கலர் மங்கிப் போயிருக்கு. பெயின்ட் அடிச்சுக்கலாமா?

வேண்டாம். வெளுத்த செருப்பின் வெளுப்பு, அது எத்தனை நாள் கடலில் கிடந்தது என்பதற்குச் சாட்சி. வர்ணம் வேண்டுமென்றால் நிறவாரியாகப் பிரித்து அடுக்குங்கள். கரையில் கிடைக்கும் நீலங்களை மட்டும் ஒன்றாக வைத்துப் பாருங்கள், பெயின்ட் கடையில் அத்தனை நீலம் கிடையாது.

பெரிசா செய்யணும்னு ஆசை. காத்துல சாஞ்சுடாதா?

சாயும். இதில் துணிச்சல் காட்டாதீர்கள், கீழே குழந்தைகள் நிற்பார்கள். காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் அது தள்ளும் விசை நான்கு மடங்காகும். பிளக்ஸைப் பரத்திக் கட்டினால் அது பாய்மரம். வலையாகவோ கீற்றுக் கீற்றாகவோ இருந்தால் காற்று ஊடே போய்விடும். அடியில் பாரத்துக்கு 20 லிட்டர் தண்ணீர் கேனில் மணல் நிரப்புங்கள், ஒன்று ஏறக்குறைய 30 கிலோ வரும். முடிந்ததும் மணலை எடுத்த இடத்திலேயே கொட்டிவிடலாம்.

எலும்புக்கூட்டுக்குச் சவுக்குக் கழியை வாடகைக்கு எடுங்கள், எடுக்கும்போதே பந்தல்காரரையும் கூட்டிக்கொண்டு வாருங்கள். எத்தனை அடிக்கு எத்தனை கால், எங்கே குறுக்குக் கட்டு என்று அவர் பார்த்த மாத்திரத்தில் சொல்வார். ஐப்பசி, கார்த்திகையில் கடற்கரையில் எதையும் நிறுத்தாதீர்கள். புயல் எச்சரிக்கை வந்தால் அன்றே பிரித்துவிடுங்கள்.

மழைக்காலத்துல வச்சா வேற என்ன பிரச்சினை வரும்?

கொசு. இது என் தவறிலிருந்து சொல்கிறேன். ஒரு பள்ளி வளாகத்தில் நானூறு பாட்டில்களை வாய் மேலே பார்க்கும்படி அடுக்கி ஓர் அலை செய்திருந்தோம். மழை பெய்தது. பத்து நாள் கழித்துப் போய்ப் பார்த்தால் பாட்டிலுக்குப் பாட்டில் புழு நெளிகிறது. டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசுவுக்கு ஒரு மூடித் தண்ணீரே போதும். முட்டையிலிருந்து கொசுவாக ஏழெட்டு நாள். பிள்ளைகள் படிக்கும் இடத்தில் நானே கொசுப்பண்ணை வைத்துவிட்டேன். அன்று மாலைக்குள் அத்தனையையும் கவிழ்த்துக் கொட்டினோம்.

அதிலிருந்து விதி இதுதான்: பாட்டிலானால் வாய் கீழே, அல்லது மூடி போட்டு இறுக்கு, அல்லது அடியில் இரண்டு துளை. டயரிலும் துளை. செருப்பின் குழியில்கூடத் தண்ணீர் நிற்கும், சாய்த்துக் கட்டுங்கள்.

பீச்சுல வைக்க யார்கிட்ட அனுமதி கேக்கணும்?

மாநகராட்சி மண்டல அலுவலகம், அந்தப் பகுதிக் காவல் நிலையம். எழுத்து மூலம், தேதியும் அளவும் குறிப்பிட்டு, என்றைக்கு அகற்றுவோம் என்பதையும் சொல்லி. அதற்கும் முன்னால் பக்கத்து மீனவக் குப்பத்தின் ஊர்ப் பெரியவர்களைப் பாருங்கள். நமக்குக் காலி மணலாகத் தெரிவது அவர்களுக்கு வலை காயப்போடும் இடம், படகு ஏற்றும் வழி.

ஜனவரி முதல் மார்ச், ஏப்ரல் வரை சென்னைக் கரைக்குப் பங்குனி ஆமைகள் முட்டையிட வரும். 1988 முதல் மாணவர்கள் இரவெல்லாம் நடந்து அந்த முட்டைகளை எடுத்துப் பாதுகாத்து வருகிறார்கள். அந்த மாதங்களில் மணலில் குழி தோண்டுவதும் வேலி மாதிரி எதையும் நிறுத்துவதும் கூடாது. இரவில் விளக்கு கூடவே கூடாது. குஞ்சுகள் வெளிச்சத்தைப் பார்த்துத்தான் நகரும். கடலுக்குப் போவதற்குப் பதில் உங்கள் எல்.இ.டி.யை நோக்கி வந்து சாகும். ஆமையைப் பற்றிய நிறுவலுக்காக ஆமை சாகக் கூடாது.

ஆமை உருவம்தான் எல்லாரும் செய்றாங்க. வேற என்ன செய்யலாம்?

செய்யலாம், தப்பில்லை. 2025 ஜனவரியில் நூற்றுக்கணக்கான ஆமைகள் சென்னைக் கரையில் செத்து ஒதுங்கியதைப் பார்த்தவர்களுக்கு அதைத் தவிர வேறு தோன்றாது. இழுவலையில் சிக்கினால் மேலே வந்து மூச்சுவிட முடியாமல் அது மூழ்கிச் சாகிறது. ஆனால் உருவத்திலிருந்து தொடங்காமல் பொருளிலிருந்து தொடங்கிப் பாருங்கள். ஒரு மணி நேரத்தில் ஒரு பிள்ளை பொறுக்கியதை அப்படியே அதே வரிசையில் ஒரு கயிற்றில் கோத்துத் தொங்கவிட்டாலே போதும். ஆஸ்திரேலியாவின் டாரஸ் நீரிணையில் இருக்கும் எருப் தீவுக் கலைஞர்கள், கடலில் அநாதையாக மிதந்துவரும் வலைகளைக் கொண்டு தங்கள் கடலின் மீன்களையும் ஆமைகளையும் செய்கிறார்கள். வலை உயிர்களைப் பிடித்த கதை, அந்த உயிர்களின் உடம்பாகவே திரும்பி வருகிறது. அவர்கள் கடலை அவர்கள் அறிவார்கள் என்பதால் அது பொருந்துகிறது. உங்கள் ஊரில் ஏரி என்றால் ஏரியில் என்ன வாழ்ந்தது என்று பாட்டியிடம் கேளுங்கள்.

கரையில அரிசி மாதிரி வெள்ளை மணிங்க கிடைச்சுது. அதை ஒட்டிக் கோலம் போடலாமா?

அது பிளாஸ்டிக் உருண்டை. தொழிற்சாலைகள் உருக்குவதற்கு முன் இருக்கும் மூலப்பொருள். 2021இல் கொழும்புக்கு அருகே எக்ஸ்-பிரஸ் பேர்ல் கப்பல் எரிந்து மூழ்கியபோது இலங்கையின் மேற்குக் கரையை மூடியது இதுதான். கடலில் இருக்கும் நச்சுகள் இதன் மேல் ஒட்டிக்கொள்ளும், ஆகவே வெறுங்கையால் அள்ளாதீர்கள். கோலமாகப் போட்டால் அடுத்த காற்றில் திரும்பக் கடலுக்கே போகும். கண்ணாடி ஜாடியில் போட்டு மூடி, எந்தக் கரை, எந்தத் தேதி என்று எழுதி வையுங்கள். வரிசையாகப் பத்து ஜாடி வைத்தால் அதுவே நிறுவல்.

ஒரு குளிர்பானக் கம்பெனி ஸ்பான்சர் பண்றேன்னு சொல்றாங்க. வாங்கிக்கலாமா?

அவர்களிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: கரையில் கிடைத்த உங்கள் பாட்டில்களை லேபிளோடு அப்படியே வைக்கலாமா? சரி என்றால் பேசலாம். லேபிளைக் கிழித்துவிடுங்கள் என்றால், உங்கள் படைப்பில் இருக்கும் உண்மையைக் கிழிப்பதற்குத்தான் அந்தப் பணம். எனக்கு இரண்டு முறை அப்படி வந்தது, இரண்டு முறையும் வேண்டாம் என்றேன். செலவு அவ்வளவு ஒன்றும் ஆகாது. கழி வாடகை, கம்பி, டெம்போ, சாப்பாடு.

எல்லாம் முடிஞ்சப்புறம் இதெல்லாம் எங்கே போகும்?

இதைக் கடைசி நாளில் கேட்கிறவர்கள்தான் அதிகம். முதல் நாளே கேட்க வேண்டிய கேள்வி. பதில் தெரியாமல் நான் ஒரு கம்பியைக்கூட வளைப்பதில்லை. நாம் செய்தது குப்பைமேட்டுக்குப் போனால், குப்பையை ஓர் இடத்திலிருந்து எடுத்துக் கைதட்டல் வாங்கிவிட்டு இன்னோர் இடத்தில் கொட்டினோம் என்றுதான் அர்த்தம்.

ஒட்டாமல் கட்டச் சொன்னதும், வாளியில் போட்டுப் பிரிக்கச் சொன்னதும் இதற்காகத்தான். வகைக்கு ஒரு பகுதியாகக் கட்டியிருந்தால் நான்கு பேர் அரை நாளில் பிரித்துவிடலாம். பாட்டிலும் கேனும் காயலான் கடைக்கு, அல்லது வாங்கினோமே அவருக்கே. கழி பந்தல்காரருக்கு. கவர், பை, பால் பாக்கெட் போன்றவற்றைத் துருவிச் சூடான ஜல்லியில் பூசித் தார்ச்சாலை போடலாம் என்று காட்டியவர் மதுரை தியாகராசர் பொறியியல் கல்லூரிப் பேராசிரியர் ரா. வாசுதேவன், 2018இல் பத்மஸ்ரீ பெற்றார். பி.வி.சி. அதற்கு ஆகாது, ஆகவே பிளக்ஸைக் கலந்துவிடாதீர்கள். எதற்கும் உதவாத சிப்ஸ் பாக்கெட்டை மாநகராட்சியின் உலர்கழிவு மையத்தில் எடை போட்டுக் கொடுத்து, எரிபொருளாகச் சிமென்ட் ஆலைக்குப் போகும் கட்டோடு சேர்க்கச் சொல்லுங்கள். வந்த எடை, போன எடை இரண்டையும் நிறுவலின் பக்கத்திலேயே ஓர் அட்டையில் எழுதி வையுங்கள். எங்கள் நிறுவல்களில் ஜனங்கள் அதிக நேரம் நின்று படிப்பது அந்த அட்டையைத்தான்.

இதனால குப்பை குறையுதா? நேர்மையா சொல்லுங்க.

எடைக் கணக்கில் பார்த்தால் இல்லை. நாங்கள் ஒரு மாதம் பொறுக்குவதை நகரம் கண் இமைக்கும் நேரத்தில் போட்டுவிடும்.

ஆனால் நடப்பது வேறொன்று. மேலே சொன்ன நீலத் தையல் வலையைக் கடற்கரையில் தொங்கவிட்டிருந்தபோது, குப்பத்திலிருந்து ஓர் அண்ணன் வந்து விரலால் கண்களை அளந்து பார்த்தார். "இது நண்டு வலைம்மா. ரெண்டு மாசம்கூடத் தாங்காது, நண்டு கடிச்சு நாராக்கிடும். தைக்கிறதும் வீண்தான். இந்த ஆள் தைச்சிருக்காரே" என்றார். கிழிந்ததை என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். "எங்கே போடறது? வாங்க யாரு இருக்கா?" என்றார். எங்களோடு வந்த பிள்ளைகள் வலையைக் கடலில் வீசுகிறவர்கள் மேல் கோபமாக ஒரு வாசகம் எழுதி வைத்திருந்தார்கள். அவர் பேசிவிட்டுப் போனபின், யாரும் சொல்லாமலே அந்த அட்டையை எடுத்துவிட்டார்கள். மறுவாரம் அவர் மூன்று சாக்கு வலை கொண்டுவந்து இறக்கினார். இப்போது கிழிந்த நைலானை எடுத்துக்கொள்ளும் ஆளைத் தேடிப் பிள்ளைகள் காயலான் கடை கடையாக விசாரித்துக்கொண்டிருக்கிறார்கள்.